சபை கூடியிருக்கிறது

நீதிமன்றமே கூப்பிட்டாலும் போக வேண்டியதில்லாத ஆள் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொல்ல வந்தால் தொண்டையில் மீன் முள் சிக்கிய மாதிரி இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பெருமையில்தான் என் குடித்தனம் போனது.

நான் புதுச்சேரியில் சட்டப்பேரவைச் செயலகத்து நிருபர். நிருபர் என்றதும் "எந்தப் பேப்பர் சார்?" என்று கேட்பார்கள். நான் எந்தப் பேப்பரும் இல்லை. சபைக்கு நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்து உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுப்பவன். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை. என் ஐந்து நிமிடம் முடிந்ததும் அடுத்தவர் வந்து பக்கத்தில் உட்காருவார். பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் நின்றாலும் சரி, நான் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். மீதி வாக்கியம் அவர் பாடு. உள்ளே போய் அதைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் மறுபடி என் முறை வந்துவிடும். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. எந்தச் சண்டைக்கும் ஆரம்பம் தெரிந்தால் முடிவு தெரியாது, முடிவு தெரிந்தால் ஆரம்பம் தெரியாது. வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். சொல்வாள் என்று எழுதுவதா, சொன்னாள் என்று எழுதுவதா என்று இப்போதெல்லாம் தடுமாறுகிறேன்.

கல்யாணமான மூன்றாவது வருடம் கோர்ட் அமீனா முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் வேலையில் இருந்தேன். சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். யாரோ இரண்டு பேருக்கு நடுவில் ஓர் அவதூறு வழக்கு. அதில் ஒருவர் சபையில் என்ன பேசினார் என்று சாட்சி சொல்ல, அந்த ஐந்து நிமிடத்தை எடுத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் காகிதத்தை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, என்னா பண்ணீங்க? யார அடிச்சீங்க?"

என்னை யாரையாவது அடிக்கக்கூடியவன் என்று அவள் ஒரு விநாடி நம்பியது எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் சம்மனைத் துணைச் செயலரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றாமலே படித்துவிட்டு, "நீங்க போவ வேணாம்" என்றார் அந்த அம்மாள். சபை நடக்கும் நாட்களில் சபையின் அலுவலரைச் சாட்சி சொல்ல வா என்று இழுக்கக்கூடாது. சபைக்குள் பேசியதைப் பற்றி, சபையின் அனுமதி இல்லாமல் நாங்கள் வெளியே வாய் திறக்கவும் கூடாது. அது சபையின் உரிமை. எனக்கு இல்லை, சபைக்கு. இந்த வித்தியாசத்தை அவர் அன்றைக்கே நிறுத்திச் சொன்னார். என் காதில்தான் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் பேரவைத் தலைவரின் ஒப்புதலோடு நீதிமன்றத்துக்குக் கடிதம் போனது. "சபை கூடியிருப்பதால் மேற்படி அலுவலருக்கு ஆஜராவதிலிருந்து விலக்களிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்காகவே ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவள் அடுப்படி வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் சிரித்தாள்.

"கோர்ட்டே கூப்ட்டும் போவாத ஆளு. நான் ரேஷன் கடைக்குப் போவச் சொன்னா எங்கப் போவப் போறீங்க?"

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வசனமாகிவிட்டது. மோட்டார் போட்டுவிட்டு அணைக்க மறந்தால், "என்னா, சபை கூடியிருக்கா?" என்பாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக எனக்கு அலுப்பாக இருந்தால் அவளே முந்திக்கொண்டு, போனில், "அவருக்கு சபை கூடியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அப்போது சபை கூடிப் பல மாதம் ஆகியிருக்கும். சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உர்ரென்று இருக்கும்போதும் யாராவது ஒருவர் இந்தச் சொல்லைச் சொன்னால் போதும், இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர்தான் அதிகம் பேசியது, நாங்கள் பேசவில்லை. எங்களுக்கு இந்த மாதிரி வேடிக்கைகளே வீடு நிறைய இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்கு நடப்போம். பாறைமேல் உட்கார்ந்ததும் உள்ளங்கையை நீட்டுவாள். நான் விரலால் அதில் சுருக்கெழுத்தில் ஏதாவது எழுத வேண்டும். என்னவென்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். வளைவு, கோடு, புள்ளி எதுவும் அவளுக்குத் தெரியாது. "சுண்டல் வாங்கியாறேன்னு எழுதுனீங்க" என்பாள். நான் வேறு எழுதியிருப்பேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுண்டல் வாங்கி வருவேன். உண்மையில் என்ன எழுதினேன் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

அவளுக்குக் காலாப்பட்டில், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அவள் அப்பா அரியாங்குப்பத்தில் இருந்தார். பழைய மில் தொழிலாளி. என்னைப் பார்த்தாலே "என்னா முசியே, சபை முடிஞ்சுதா?" என்பார். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் லீவு போட்டு அங்கேயே இருந்தாள். நான் ஒரே ஒரு நாள் போனேன், அதுவும் பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில்.

"நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

"சபை கூடியிருக்கே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த வசனத்துக்கு அவள் சிரிக்காதது அதுதான் முதல் தடவை. மனசில் பட்டது, ஆனாலும் வந்துவிட்டேன். சபை கூடியிருந்தது உண்மை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சபையும் இல்லை, தட்டச்சும் இல்லை. எனக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. படுக்கையில் கோணிக்கொண்ட அந்த வாயைப் பார்க்கப் பயம். இதுதான் காரணம். இதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சபையைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவோடு அரியாங்குப்பம் போனவள் திரும்பவில்லை. ஒரு மாதம் என்றாள். மூன்று மாதம் ஆனது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி பிறந்த வீட்டில் தங்கிவிட்டால் புருஷன்தான் போய்க் கூப்பிட்டு வர வேண்டும். அவளாக வந்தால் அவளுக்குத் தாழ்வு, நான் போய்க் கூப்பிட்டால் எனக்குத் தாழ்வு. நான் போகவில்லை. அவளாக வரட்டும் என்று இருந்தேன். அவர் கூப்பிட வரட்டும் என்று அவள் இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு பாலம், பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எழுதி எழுதி அழித்தேன். அவள் பெயருக்குக் கீழே "டைப்பிங்" என்று வந்து நின்றுபோவதையும் நிறைய நாள் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து அவள் அண்ணன் வந்தார். நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாப்ள, ஒண்ணு வந்து கூட்டிக்கிட்டுப் போ. இல்லன்னா கையெழுத்துப் போட்டு வுட்டுடு. ஊரு கேக்குது, பதில் சொல்ல முடியல."

அதட்டியதுதான் தாமதம், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கொண்டுவந்த காகிதத்தில் போட்டுவிட்டேன். பேனாவை மூடும்போதே தப்பு என்று தெரிந்தது. ஆனால் போட்ட கையெழுத்தைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. கடலூர் சாலையில் இருக்கும் கோர்ட்டில், குடும்ப நல நீதிமன்றத்தில், பரஸ்பர சம்மதம் என்று மனு போட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல், ஒரு பெண். முதல் நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் மஞ்சள் புடவையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். ஆறு மாதம் யோசித்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி வாருங்கள், அப்போதும் சம்மதம் என்று சொன்னால் பிரிக்கிறேன் என்றார் நீதிபதி. இரண்டு பேரும் வந்து வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் பிரிக்க முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனசில் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஒரு வழக்கம் பிடித்தது. அரியாங்குப்பத்திலிருந்து காலாப்பட்டு போகும் அவள் பஸ் எங்கள் முத்தியால்பேட்டை வழியாகத்தான் போக வேண்டும். சுமார் எட்டரைக்கு வரும். எதிர்ச்சாரி டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவளைப் பார்க்கலாம். வலது பக்கம், ஆண்கள் வரிசையில், மூன்றாவது சன்னலில் இருப்பாள். பெண்கள் பக்கம் இடம் கிடைத்திருக்காது, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். அவள் இந்தப் பக்கம் திரும்புவது போல இருக்கும், ஆனால் வெயில் கண்ணாடியில் அடிப்பதால் என்னைத்தான் பார்க்கிறாளா என்று தெரியாது. கையைத் தூக்கலாமா என்று நினைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். டீ ஆறிப்போய் இருக்கும். சபை கூடியிருக்கும் நாட்களில் எட்டு மணிக்கே செயலகத்தில் இருக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு இதுவும் கிடையாது. அந்த நாட்களில் சபையின் மேல் எனக்கு வந்த எரிச்சலை எந்தக் குறிப்பிலும் எழுத முடியாது.

அவளைப் பிரிய எனக்கு இஷ்டமில்லை. அவளுடைய சமையலுக்கோ துணைக்கோ நான் ஏங்கவில்லை. கேலி செய்ய ஆளில்லாத வீட்டில் இருக்க முடியவில்லை. ராத்திரி மோட்டாரை நானே அணைத்துவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நின்றிருக்கிறேன்.

இரண்டாவது வாய்தா வந்தபோது பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் புத்தி அங்கேதான் போனது. போகாவிட்டால் பிரிக்க முடியாது. போகாமல் இருக்க என்னிடம் வழி இருக்கிறது. நேராகத் துணைச் செயலரிடம் போனேன்.

"விலக்குக் கேட்டு ஒரு லெட்டர் வேணும் மேடம்."

"எந்தக் கேஸ்ல சாட்சி?"

"சாட்சி இல்ல மேடம். என் கேஸ்தான்."

கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தக் கேஸுக்கு சபை எப்பிடி வரும்? அது சபையோட உரிமை, ஒங்க உரிமை இல்ல. சபை நடக்குது, நீங்க டூட்டில இருக்கீங்கன்னு வேணா சர்ட்டிஃபிகேட் தரேன். அது உண்மை. அதுக்கு மேல கேக்காதீங்க."

கேட்கவில்லை. அந்தச் சான்றிதழை மேலே வைத்து, கீழே நானே ஒரு கடிதம் எழுதினேன். இருபது வருடம் கேட்ட மொழியெல்லாம் கைவசம் இருந்தது. மாட்சிமை, மரபு, விலக்கு, கனிவுடன் பரிசீலித்து. படிக்கிறவர் எழுந்து நின்று படிக்க வேண்டும், அப்படிக் கடிதம். வக்கீல் அம்மா அதைக் கொடுத்தார். நீதிபதி சபைக்கு மரியாதை கொடுத்து வாய்தாவைத் தள்ளிவைத்தார். நான் அன்றைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தனியாளாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் சில மாதத்துக்கு அவள் என் மனைவி.

அடுத்த வாய்தாவும் ஒரு குறுகிய கூட்டத்தில் வந்து விழுந்தது. மறுபடி அதே சான்றிதழ், அதே கடிதம். எனக்கு இது விளையாட்டுப் போல ஆகிவிட்டது. இப்படியே கிழவனாகிற வரை தள்ளிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அப்பா இறந்துபோனார். செய்தி தெரிந்ததும் ஓடினேன். ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. எந்த முறையில் உள்ளே போவது? மாப்பிள்ளையா, வழக்காளியா? பந்தலுக்கு வெளியே ஆண்களோடு நின்றேன். பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வாசல் வரைக்கும் வந்தாள்.

"வாங்க" என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டு அழுதிருந்தால்கூட என்னால் தாங்க முடிந்திருக்கும். போய் மாலை போட்டேன். முசியே என்று கூப்பிட இனி ஆள் இல்லை என்று தோன்றியதும் அழுதுவிட்டேன். அந்த ஒரு சொல்லை, அந்த "வாங்க"வை, எத்தனையோ நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மனசு இளகியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் நாளை ஓட்டினால் தானாகச் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் ஓட்டுவது என்பது எனக்கு அடுத்த வாய்தாவுக்கும் போகாமல் இருப்பது.

ஆனால் அடுத்த வாய்தா நாளில் சபை இல்லை. போன கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். துணைச் செயலரிடம் வாயைத் திறந்ததும், "ஒங்களுக்கு இப்ப வேலையே இல்லியே. லீவு எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டு வாங்க. ஒரு எட்டு போய்ப் பேசுங்க, நல்லது" என்றார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. நான் தலையாட்டிவிட்டு என் இடத்துக்கு வந்து யோசித்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. சபையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்திருக்கிறார்களே தவிர, கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஆணை இன்னும் வரவில்லை. அந்த ஆணை வரும்வரை, ஆள் இல்லாமல் விளக்கெல்லாம் அணைந்து கிடந்தாலும், காகிதத்தில் சபை நடந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த நாளும் மறுபடி கூப்பிடலாம். வெளியே யாருக்குத் தெரியும் இந்த நுணுக்கம்? சபைக்காரனுக்குத்தான் தெரியும். துள்ளிக் குதிக்காத குறையாக எழுதினேன்: "கூட்டத்தொடர் ஒத்திவைக்கப்பட்டுள்ளதேயன்றி முடித்துவைக்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." என் இருபது வருடத்தில் நான் எழுதிய மிக நல்ல வாக்கியம் அது என்று அன்றைக்கு நினைத்தேன்.

வாய்தா அன்றைக்கு மத்தியானம் வக்கீல் அம்மா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சார், ஜட்ஜு ஒங்க லெட்டரப் படிச்சிட்டு, சாட்சிக்குத்தானே இந்த விலக்கு, புருஷனுக்கும் உண்டான்னு கேட்டாங்க. வராம இருந்தா சம்மதம் இல்லன்னு எடுத்துக்க வேண்டிதான்னாங்க. ஒரே ஒரு வாய்தா குடுத்திருக்காங்க."

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இன்னும் ஒரே ஒரு தடவை போகாமல் இருந்தால் மனு தானே விழுந்துவிடும். வேறு என்ன வேண்டும்? அவள் வந்திருந்தாளா என்று கேட்டேன். வந்திருந்தாங்க என்று சொல்லிவிட்டு ஏதோ சொல்ல வந்தவர், வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

மறு வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் என் போனில் அவள் செய்தி. "டைப்பிங்" என்று வந்து நிற்கவில்லை, இந்தத் தடவை செய்தியே வந்தது. "இந்த வாய்தாவுக்குக் கண்டிப்பா வாங்க. கேட்டுக்கறேன்." கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் எனக்கு எழுதியது. நூறு தடவை படித்தேன். கேட்டுக்கறேன் என்ற சொல்லில் எனக்குத் தெரிந்த அத்தனை அர்த்தத்தையும் தேடினேன். சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்தேன். அவள் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அலமாரியில் அவள் பக்கத்தைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நீதிமன்ற நடையில் சுவர் ஓரமாக ஒரு பெஞ்ச். அவள் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வரவில்லை. தனியாகத்தான் வந்திருந்தாள். நான் மறுமுனையில் உட்கார்ந்தேன். அப்புறம் கொஞ்சம் நகர்ந்தேன். அவளும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ம். நீ?"

"ம்."

இரண்டு பேரும் பொய் சொன்னோம் என்று நினைக்கிறேன். எங்கள் வழக்குக்கு இன்னும் நேரம் இருந்தது. நானே ஆரம்பித்தேன். இருபது வருடமாக அடுத்தவர் பேச்சை எடுத்தே பழகினவனுக்கு ஆரம்பிப்பது எவ்வளவு கஷ்டம்.

"வாபஸ் வாங்கிடலாம். எனக்குப் பிரிய இஷ்டமே இல்ல. அதனாலதான் வராம இருந்தேன். வரலன்னா பிரிக்க முடியாதுல்ல?"

அவள் என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அத வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அப்புறமும் அவள்தான் பேசினாள், நிதானமாக, நான் ஒரு சொல்கூட விடாமல் எடுத்துவிடக்கூடிய வேகத்தில்.

"மூணு தடவ வந்து இந்த பெஞ்சுல ஒக்காந்தேன். வாய்தான்னா ஒங்களப் பாக்கலாம்ல, வேற எங்கப் பாக்கறது? போன தடவ அண்ணன் வேணாம்னுட்டுத் தனியா வந்தேன். அப்பா போன வீட்டுல நீங்க நின்னு அழுததப் பாத்தேன். எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கணும்னா என்னா பண்ணணும்னு வக்கீலம்மாவக் கேட்டேன். ரெண்டு பேரும் வந்து சொன்னாப் போதும்மா, இப்பவே முடிச்சிடலாம்னாங்க. ஒங்க கிட்ட சொல்ல வேணாம்னேன். நீங்க வந்ததும் நானே சொல்லணும்னு. துணி எடுத்து வச்ச பை கீழ வண்டியிலே இருந்துது."

கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள்.

"ஒங்க லெட்டர்தான் வந்துது. ஒத்திதான் வச்சிருக்கு, முடிச்சு வைக்கலன்னு வக்கீலம்மா படிச்சுக் காட்னாங்க. நானும் சிரிச்சேன், மொதல்ல. பழக்கம். அப்புறம் யோசிச்சேன். எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப சபை இருந்துது, சரி. இன்னிக்கு சபையே இல்ல. இல்லாத சபையக் கூட்டி வச்சிக்கிட்டு வரமாட்டேங்கறாரே. எனக்குன்னு இந்த மனுஷனுக்கு ஒரு நாள் ஒழியவே ஒழியாதுன்னு புரிஞ்சிடுச்சி. அதோட எனக்கு வுட்டுப்போச்சுங்க."

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன். "உனக்காகத்தான்…"

"தெரியுது. இப்பத் தெரியுது. ஆனா என்னால முடியல. கோவம் இருந்தாக்கூட பரவால்ல, வந்துடுவேன். கோவமும் இல்ல."

கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவள் உள்ளங்கை மடிமேல் மல்லாந்துதான் கிடந்தது. அதில் எழுத எனக்கு ஆயிரம் இருந்தது.

"நான் சம்மதம் இல்லன்னு சொன்னா?"

"சொல்லலாம். ஒங்களுக்கு உரிமை இருக்கு." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "இத்தினி வருசத்துல நான் கூப்ட்டு நீங்க வந்தது இன்னிக்குத்தான். வந்ததுக்கு நான் கேட்டதச் செஞ்சிட்டுப் போங்களேன்."

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். நீதிபதி என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா, சபை முடிஞ்சிதா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அதே கேள்வியை எப்போதும் கேட்ட ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அவளுக்கும் வந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் அவளைக் கேட்டார். சம்மதம் என்றாள். அப்புறம் என்னை. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க, பதிவு பண்ணணும்" என்றார். சத்தமாகச் சொன்னேன். கீழே உட்கார்ந்திருந்த பெண் தட்டச்சு செய்தாள். என் தொழில் புத்தி, விரலைத்தான் கவனித்தேன். அந்தச் சொல்லை எடுக்க அவளுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவள் அரியாங்குப்பம் பஸ்ஸுக்கு எதிர்ச்சாரிக்குப் போக வேண்டும். போகாமல் கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது என்றாள். கேட்டு வாங்கியதாம். அடுத்த மாதம் போகிறாளாம்.

"இனிமே டீக்கடையில நிக்காதீங்க" என்றாள்.

திடுக்கிட்டுப் போனேன். "பாத்தியா நீ?"

"தெனம் பாத்தேன்."

"கண்ணாடியில வெயிலு. நீ இந்தப் பக்கம் பாக்கறியா இல்லியான்னே எனக்குத் தெரியாது."

"பொம்பளங்க பக்கம் காலியாத்தாங்க கெடக்கும். அங்கப் போய் ஒக்காரும்மா, அங்கப் போய் ஒக்காரும்மான்னு கண்டக்டர் தெனம் திட்டுவாரு. அந்தப் பக்கம் ஒக்காந்தா டீக்கட தெரியாது." புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒரு நாளு கையத் தூக்கியிருந்தா எறங்கியிருப்பேன். நீங்க வராத நாளத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். சபை கூடியிருக்குன்னு நெனச்சுக்குவேன். பஸ்ஸு வருது. போறேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் யாரும் கிளம்புவார்கள். அவள் போறேன் என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. காலாப்பட்டு பஸ் இப்போதும் சுமார் எட்டரைக்கு வருகிறது. வலது பக்கம் மூன்றாவது சன்னலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு. பஸ் நிற்கும்போது நான் கையைத் தூக்குகிறேன். யாரோ தெரிந்தவர் என்று நினைத்து ஒருவன் ஒரு நாள் பதிலுக்குத் தூக்கினான். சபை கூடியிருக்கும் நாட்களிலும் இப்போது போய் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். தாமதமாக வருவதாகத் துணைச் செயலர் இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். காரணம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்னும் எழுதவில்லை.